உளவியலையும் சமயத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி? புதிதாக வருகிறவர்களுக்கு

"சித்திக்கு ஆடி மாசம் சாமி வரும். அது சாமியா, நோயா?"

இந்தத் துறைக்கு வருகிற பலரும் இப்படி ஒரு கேள்வியை வீட்டிலிருந்தே எடுத்து வருகிறார்கள். ஒருவருக்கு, மனநோய் தீர என்று ஏர்வாடி தர்காவில் மாதக்கணக்கில் தங்கவைக்கப்பட்ட மாமா இருப்பார். இன்னொருவருக்கு ஜெபக்கூட்டத்தில் அழுது தீர்த்த பிறகு தெளிந்து எழுந்த அம்மா இருப்பார். உளவியலில் சேர்ந்தால் விடை கிடைக்கும் என்று நம்பிப் போனால், முதல் ஆண்டு முழுக்க மூளை, நினைவாற்றல், கற்றல், புள்ளியியல் என்றே ஓடும். சமயம் என்ற சொல்லே காதில் விழாது. சரி, சமயத்துறைக்குப் போகலாம் என்றால் அங்கே நூல், உரை, தத்துவம், வரலாறு இருக்கும்; மனநோய் பற்றிப் பேச்சு எழாது. இரண்டு வகுப்பறைக்கும் நடுவே சில ஆண்டுகள் நடந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து வருகிற மாணவரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உங்கள் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து எழுதினாலும் போதும். பிறகு ஒவ்வொன்றையும் பாருங்கள்: இது உண்மையா என்று கேட்கிறதா? அல்லது இது மனிதரிடம் எப்படி நிகழ்கிறது, அவரை என்ன செய்கிறது என்று கேட்கிறதா?

"கடவுள் இருக்கிறாரா?" என்பது முதல் வகை. "பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கடவுளிடம் கோபித்துக்கொண்டு பிறகு எப்படித் திரும்பி வருகிறாள்?" என்பது இரண்டாம் வகை. உளவியல் இரண்டாவதற்குத்தான் கருவி வைத்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெனீவாவைச் சேர்ந்த உளவியலாளர் தியோடர் ஃப்ளூர்னாய் இதை ஒரு விதியாகச் சொன்னார்: சமய அனுபவத்தை ஆராயும் உளவியலாளர், அந்த அனுபவத்துக்கு அப்பால் ஒரு மெய்ப்பொருள் உண்டு என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம். நான் பார்த்தவரை, இந்தத் துறையில் தடுமாறியவர்கள் பெரும்பாலும் இதை விட்டவர்கள்தான். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை முடித்துவிட வந்தவர்கள் அவர்கள்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. 2006இல் முடிவு வெளியானது. முகம் தெரியாத அன்பர்கள் சிலருக்காக வேண்டிக்கொண்டார்கள். தங்களுக்காக வேண்டுகிறார்களா என்று உறுதியாகத் தெரியாத இரண்டு குழுக்களில், வேண்டுதல் நடந்தவர்களுக்கும் நடக்காதவர்களுக்கும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தன: 52 சதவீதம், 51 சதவீதம். தங்களுக்காக நிச்சயம் வேண்டுகிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களிடமோ 59 சதவீதம். "பிரார்த்தனை பொய் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு தரப்பு சொல்லும். "கடவுளைச் சோதிக்கலாமா?" என்று மறு தரப்பு சொல்லும். மாணவர் பார்க்க வேண்டிய இடம் அந்த மூன்றாவது எண். 'எனக்காக ஆள் வைத்து வேண்டுகிற அளவுக்கு என் நிலை மோசமா?' என்று நோயாளி பயந்திருப்பாரா? இது உளவியல் கேட்கக்கூடிய கேள்வி. உங்கள் நோட்டில் இந்த மாதிரிக் கேள்விகள் சேரட்டும்.

சேர்க்கை

இரண்டையும் ஒரே பட்டமாகத் தரும் கல்லூரியைத் தேடி அலைவதைவிட, இரண்டையும் நீங்களே இணைத்துக்கொள்வதுதான் நம் ஊரில் நடக்கிற வழி. இந்தியாவில் சமயத்தைப் பாடமாக நடத்தும் துறைகள் குறைவாக இருப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. அரசு நிதியில் மட்டுமே நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. சமயத்தைப் போதிப்பது வேறு, சமயத்தைப் பற்றிப் படிப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 1971லும் 2002லும் பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தயங்கியே வந்தன; 'சமயம்' என்ற பலகைக்குப் பதில் 'தத்துவம்' என்ற பலகையே பல இடங்களில் தொங்குகிறது.

அந்த வகையில் சென்னைப் பல்கலைக்கழகம் அபூர்வமான இடம். சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறிஸ்தவ ஆய்வு, தத்துவம், கூடவே உளவியல் என்று தனித்தனித் துறைகள் ஒரே பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஆனால் இவை முதன்மையாக முதுகலைக்கும் ஆய்வுக்குமான துறைகள். எனவே நான் சொல்லும் வழி இது: இளங்கலையில் உளவியல், முதுகலையில் எது உங்களை இழுக்கிறதோ அது.

இளங்கலையிலேயே இரண்டும் வேண்டும் என்றால் அதற்கும் இடம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 ஏப்ரலில் அனுமதித்தது. நேரடி வகுப்பாக இரண்டு படித்தால் நேரம் மோதக் கூடாது. நடைமுறையில் அசல் டி.சி. ஒன்றுதான் கையில் இருக்கும் என்பதால் இரண்டு கல்லூரியில் சேர்வது சிரமம். ஒன்றை நேரடியாகவும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் படிப்பது எளிது. இங்கேதான் கவனம் வேண்டும்: உளவியலைத் தொலைநிலையில் எடுத்துவிடாதீர்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. ஆகவே உளவியல் கல்லூரியில். தத்துவமோ சமயமோ இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில். சேரும்முன் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா என்று யுஜிசியின் தளத்தில் நீங்களே பாருங்கள். சேர்க்கை முகவர் சொல்வதைக் கேட்டுப் பணம் கட்டாதீர்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. பிரிட்டனில் இரண்டு பாடமும் சேர்ந்த ஜாயின்ட் ஹானர்ஸ் பட்டம் உண்டு. 1967இல் லங்காஸ்டரில் நினியன் ஸ்மார்ட் தொடங்கிய சமய ஆய்வுத் துறை அந்த நாட்டின் பாடத்திட்டங்களையே மாற்றியது. ஆனால் பின்னாளில் அங்கே உளவியலாளராகத் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால், அந்தக் கூட்டுப் பட்டத்துக்குப் பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். எல்லாக் கூட்டுப் பட்டத்துக்கும் அது இருக்காது.

புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள்

சமய ஆர்வத்தோடு வருகிறவர்கள் முதலில் கைவிடுவது புள்ளியியலைத்தான். அதைக் கைவிட்டால் மேலே சொன்ன 52, 51, 59 என்ற எண்களை யார் எப்படித் திரித்துச் சொன்னாலும் தலையாட்டத்தான் முடியும். ஜமோவி, ஆர் போன்ற மென்பொருள்கள் இலவசம். முதல் ஆண்டு விடுமுறையிலேயே ஒன்றைப் பழகிவிடுங்கள்.

உளவியல் எவ்வளவு கூர்மையாகச் சமயத்தைத் தொட முடியும் என்று பார்க்க, டார்லியும் பேட்சனும் 1973இல் வெளியிட்ட ஆய்வை முழுதாகப் படியுங்கள். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். சிலர் பேச வேண்டிய பொருளே நல்ல சமாரியன் கதை: வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு ஓர் அந்நியர் நின்று உதவிய பைபிள் கதை. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருக்கிறார்; அவர் ஆய்வாளர்கள் அமர்த்திய ஆள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியன் கதையைப் பேசப் போகிறோம் என்பது குறிப்பிடும்படியான வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. நான் முதன்முறை படித்தபோது பக்தர்களின் போலித்தனம் வெளிப்பட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் மருத்துவமனைக்குப் பேருந்து பிடிக்க ஓடியபோது யாரைக் கடந்து ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஆய்வு அவசரத்தைப் பற்றியது. அதைச் சமயத்துக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டது என் அவசரம்.

எச்சரிக்கையும் ஒன்று சொல்ல வேண்டும். அலசி யோசிக்கத் தூண்டினால் கடவுள் நம்பிக்கை குறைகிறது என்று 2012இல் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு முடிவு, பிறகு வேறு ஆய்வாளர்கள் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது நிற்கவில்லை. எதைப் படித்தாலும் "இதைத் திரும்பச் செய்து பார்த்தார்களா?" என்று கேளுங்கள்.

சமயத்தை அதன் சொற்களிலேயே படியுங்கள்

உளவியல் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, சமயத்தை மேலோட்டமான பொது அறிவாக வைத்துக்கொள்வது. ஒரு மரபையாவது மூல நூலோடு, ஆசிரியரிடம், மெதுவாகப் படிக்க வேண்டும். தமிழ் தெரிந்தவருக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. தேவாரம், திருவாசகம், திருவாய்மொழி, தாயுமானவர், குணங்குடி மஸ்தான் சாகிபு, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் என்று நான்கைந்து மரபுகளின் உள்ளனுபவம் மொழிபெயர்ப்பு இல்லாமலே கைக்குக் கிடைக்கிறது. இந்த வசதி மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்கு வாய்க்காதது.

சைவ சித்தாந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதற்குள் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்று நான்கு அகக்கருவிகள் வருகின்றன. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்து அவத்தைகள், அதாவது உயிரின் நிலைகள், வருகின்றன. இதைப் படித்ததும் "ஆகா, இதுதானே ஃபிராய்டு சொன்னது" என்று கை துறுதுறுக்கும். அங்கேயே நிறுத்துங்கள். ஃபிராய்டு ஜெர்மன் மொழியில் எழுதியது 'இஹ்' என்ற சொல். 'நான்' என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் அதற்கு லத்தீன் உடுப்பு மாட்டி 'ஈகோ' ஆக்கினார்கள். நாம் அந்த ஈகோவை அகங்காரம் என்கிறோம். போதாததற்கு ஆணவமும் அதுவே என்கிறோம். சித்தாந்தத்தில் ஆணவம் உயிரைத் தொடக்கமே இல்லாமல் மறைத்திருக்கும் மலம், அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்கு. அகங்காரம் மாயையிலிருந்து வரும் ஒரு கருவி. இரண்டும் ஒன்றே அல்ல. மூன்று வேறு ஊர்க்காரர்களை ஒரே பெயரில் கூப்பிட்டால் யாரோடும் பேச முடியாது. ஒத்துப்போகிற இடத்தைக் காட்டுவதற்கு முன், ஒத்துப்போகாத இடத்தை எழுதிப் பழகுங்கள்.

திருவாவடுதுறை ஆதீனம் ஊர் ஊராக நடத்தும் சித்தாந்தப் பயிற்சி வகுப்பு போன்றவை மரபுக்குள் நின்று கற்பிப்பவை. பல்கலைக்கழகத் துறை வெளியே நின்றும் கேள்வி கேட்கும். இரண்டிலும் உட்காரலாம். எங்கே எந்த மாணவராக உட்கார்ந்திருக்கிறோம் என்ற தெளிவு மட்டும் வேண்டும். இன்னொன்று, பிறந்த மரபோடு நில்லாமல் வேறொரு மரபிலும் ஒரு தாளாவது எழுதுங்கள். சொந்த வீட்டின் வாசனை அடுத்த வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் மூக்கில் ஏறும்.

சாமியாட்டத்துக்கு வருவோம்

சித்தியின் கதைக்கு இப்போது திரும்பலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 11ஆம் பதிப்பு, 2022இல் நடைமுறைக்கு வந்தது. வேறொரு சக்தி தன்னை ஆட்கொண்டதாக ஒருவர் நடந்துகொள்ளும் நிலையை அது நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. அது அவர் விரும்பாமல் வர வேண்டும். அவருடைய சமூகமோ சமயமோ ஏற்றுக்கொண்ட வழக்கத்தின் பகுதியாக இருக்கக் கூடாது. அவருக்குக் கடும் துன்பத்தையோ, அன்றாட வாழ்க்கையில் முடக்கத்தையோ தர வேண்டும். சித்தி ஆடி வெள்ளியில் உடுக்கை கேட்டு ஆடி, குறி சொல்லி, திருநீறு பூசியதும் தண்ணீர் குடித்துவிட்டு உலை வைக்கப் போகிறார் என்றால், அந்த வகைப்பாட்டின்படியே அது நோய் ஆகாது. அதே சித்திக்குச் சாமி செவ்வாய்க்கிழமை சந்தையிலும் வருகிறது, தூக்கம் போய்விட்டது, ஆடும் சாமியை ஊரே ஏற்கவில்லை என்றால் கதை வேறு. இந்த வேறுபாட்டை அறிய, நோயின் இலக்கணமும் தெரிய வேண்டும், அந்த ஊர் கோயிலின் இலக்கணமும் தெரிய வேண்டும். இரண்டு பாடமும் சேர்த்துப் படிக்க இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, ஒருவர் தம் சமூகத்தின் சமய நம்பிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. 95ஆவது பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அந்தச் சங்கிலிக்குப் பின்னால் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்த நாளைத் தெரிந்துகொண்டு உள்ளே வர வேண்டும் என்பேன்.

அதற்கு அடுத்த ஆண்டே, 2002இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றைப் பற்றிய ஆய்வு வந்தது. ரகுராம் என்ற மனநல மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும், முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய கடும் மனநோயாளிகள் 31 பேரை, வந்த அன்றும் போகும்போதும் அளந்தார்கள். மருந்து இல்லை, பேயோட்டம் இல்லை. கூடத் தங்கிய உறவினர், கோயிலில் சிறு சிறு வேலை, காலைப் பூசை, அவ்வளவுதான். சராசரி ஆறு வாரத்தில் நோய்க்குறிகளின் அளவெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஏர்வாடியை மட்டும் படித்தவர் எல்லாக் கோயிலையும் பூட்டச் சொல்வார். இதை மட்டும் படித்தவர் மருந்தை நிறுத்தச் சொல்வார். இரண்டும் ஆபத்து. உளவியல் மாணவர் உடனே கேட்க வேண்டியது: ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இருந்ததா? (இல்லை.) சமய மாணவர் கேட்க வேண்டியது: அந்த மனிதர்களைப் பயமில்லாமல் இருக்க வைத்த அந்த இடம் எது, அந்த முத்துசாமி யார், அவர் கதை என்ன?

வினாத்தாளைத் தமிழ்ப்படுத்தும்போது

இரண்டாம் ஆண்டில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். ஆல்போர்ட்டும் ராஸும் 1967இல் வெளியிட்ட சமய மனப்பாங்கு அளவுகோலில் இருபது வாக்கியங்கள். சமயத்தைத் தன் வாழ்வாகவே கொள்பவர், சமயத்தை வேறு பயனுக்காகக் கொள்பவர் என்று இரு போக்கை அது அளக்கிறது. அதை அப்படியே தமிழாக்கி எங்கள் குலதெய்வக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எடுத்துப்போனேன். 'சர்ச்' என்ற இடத்தில் எல்லாம் 'கோயில்' என்று போட்டிருந்தேன். பெரியம்மாவிடம், "வாரத்துக்கு எத்தனை தடவை கோயிலுக்குப் போவீங்க?" என்று கேட்டேன்.

"வாரத்துக்கா? வருசத்துக்கு ஒரு தடவ கொடைக்கு வருவோம். மத்த நாளு அவதான் நம்ம வீட்டுல இருக்காளே, தம்பி."

என் தாளின்படி பெரியம்மா பக்தி குறைந்தவர். நாற்பது நாள் விரதம் இருந்து அக்கினிச்சட்டி எடுத்தவர் அவர். வேண்டுதல், நேர்த்திக்கடன், விரதம், குறி கேட்பது என்று அவர் சமயம் இருந்த இடம் எதையும் என் இருபது வாக்கியம் தொடவே இல்லை. நேர்த்திக்கடனை 'வேறு பயனுக்காக' என்று அந்த அளவுகோல் ஒதுக்கியிருக்கும். அவருக்கோ அது வாக்கைக் காப்பது. அன்றைக்குச் சேர்த்த தாள்களை நான் பயன்படுத்தவில்லை.

ஆகவே: முதலில் பத்துப் பேரிடம் தாள் இல்லாமல் பேசுங்கள். பிறகு தமிழாக்குங்கள். மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு உங்கள் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள். இஸ்லாமியரிடம், கிறிஸ்தவரிடம், கிராமத் தெய்வத்தைக் கும்பிடுகிறவரிடம் ஒரே வினா ஒரே பொருள் தருகிறதா என்று பாருங்கள்.

வீட்டிலும் மனதிலும்

"படிச்சுட்டு நாத்திகனாயிடுவியா?" என்று வீட்டில் கேட்பார்கள். நண்பர்கள் வட்டம் வேறு மாதிரி இருந்தால், "படிச்சுமா கும்பிடுற?" என்பார்கள். இரண்டுக்கும் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. படிக்கும்போது நம்பிக்கை ஆடும். சிலருக்கு ஆழமாகும், சிலருக்கு விலகும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவம் பற்றி 1901–02இல் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளை ('தி வெரைட்டீஸ் ஆஃப் ரிலிஜியஸ் எக்ஸ்பீரியன்ஸ்'), மொழிநடை கடினமானாலும், இந்தச் சமயத்தில் படியுங்கள். பிறரின் அனுபவத்தை அவமதிக்காமல் ஆராய்வது எப்படி என்பதற்கு அது இன்றும் நல்ல பயிற்சி. விவேகானந்தரின் வரிகளும் அதில் மேற்கோளாக வருகின்றன. ஆட்டம் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்குப் போனால் கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள்; மற்றவர்களுக்கு நாம் சொல்வது நமக்கும் பொருந்தும்.

வேலை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இளங்கலை உளவியலை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட முடியாது. அதற்கென மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவும் வேண்டும். மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், சேர்கிற ஆண்டின் விதியைப் பாருங்கள். இந்த இரட்டைப் படிப்பு நேரடியாகப் பயன்படும் இடம் நோய்த்தணிப்புச் சிகிச்சை. சாகப் போகிறவர் கேட்கும் கேள்விகள் இரண்டு பாடத்திலும் இருந்து வரும். மருத்துவமனையில் சேர்ந்த முதிய நோயாளிகள் 596 பேரைப் பர்கமென்ட்டும் கோனிக்கும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, 'கடவுள் என்னைக் கைவிட்டார்' என்பது போன்ற போராட்டத்தில் இருந்தவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கத் தெரிந்த ஆலோசகர்கள் வார்டுகளில் தேவைப்படுகிறார்கள். சமூகப் பணி, பள்ளி ஆலோசனை, ஆய்வு, கற்பித்தல் ஆகியவையும் உண்டு.

கடைசி ஆண்டுத் திட்ட ஆய்வு

ஒரு கோயில், அல்லது ஒரு தர்கா, அல்லது புளியம்பட்டி அந்தோணியார் ஆலயம் போல ஒரு தேவாலயம். ஒரே ஒரு கேள்வி. இதற்கு மேல் எடுக்காதீர்கள். உளவியல் ஆசிரியர் ஒருவரும் சமயம் அல்லது தத்துவ ஆசிரியர் ஒருவரும் வழிகாட்ட ஒப்புக்கொள்ளும்படி முன்பே பேசுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் யாரிடமும் வினாத்தாள் நீட்டாதீர்கள். மனநோயால் துன்பப்படுகிறவரை இளங்கலை மாணவர் நேரடியாகப் பேட்டி எடுக்க வேண்டாம். கூட வந்த குடும்பத்தாரிடம், பூசாரியிடம், லெப்பையிடம், சாமியாரிடம் பேசலாம். ஆவேசத்தில் இருப்பவரைக் கைபேசியில் படம் எடுக்காதீர்கள், அவர் வீட்டார் அனுமதித்தாலும்கூட. தெளிந்த பிறகு அவரே அந்தப் படத்தைப் பார்க்க நேரும்.

ஆய்வு முடிந்ததும் கல்லூரிக்கு ஆங்கிலத்தில் கொடுத்த அறிக்கையைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். பேசியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்று யாராவது சொன்னால், அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.